இங்கே இது குற்றமில்லை: பிரித்தானியாவில் எல்ஜிபிரி சமத்துவச் சட்டங்கள் வந்த கதையும் நாங்கள் அறிந்திருக்க வேண்டியதும்



சென்ற மாரிகாலம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். ஆலோசனை நேரம் முடிந்து கதவைப் பூட்டப் போகும்போது ஒரு தம்பி வந்து நின்றார். கையிலே அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதம். மேன்முறையீடு செய்ய இன்னும் ஐந்தே நாட்கள்தான் இருந்தன. கடிதத்தை வாசித்துப் பார்த்தோம். ஊரில் நடந்த சில பிரச்சினைகளைச் சொல்லியிருந்தார். ஆனால் கதையில் இடையிடையே ஓட்டை. வீட்டை விட்டு ஏன் வெளிக்கிட்டார், சொந்த அண்ணனே ஏன் அடித்தார் என்பதற்குப் பதில் இல்லை. "நம்பத்தகுந்ததாக இல்லை" என்று கடிதம் முடிந்திருந்தது.

தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் மெல்லச் சொன்னார். "அக்கா, எனக்குப் பெடியன்களைத்தான் பிடிக்கும். அது வீட்டில தெரிஞ்சுபோச்சு. அதாலதான் அண்ணா அடிச்சவர்."

"ஏன் தம்பி இதை இன்ரர்வியூவில சொல்லேல்லை?"

"மொழிபெயர்க்க வந்தவர் எங்கட ஊர்ப் பக்கத்து ஆள் மாதிரிக் கதைச்சார். அவருக்கு முன்னால எப்படிச் சொல்லுறது? அதோட, சொன்னால் இங்கயும் பிடிச்சு உள்ள போடுவாங்கள் எண்டு நினைச்சன்."

அவர் இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடம். ஒருவரும் அவருக்கு இங்குள்ள சட்டத்தைச் சொல்லவில்லை. அவரும் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டால் கேட்டவரைப் பற்றிச் சந்தேகம் வந்துவிடும் என்ற பயம். அவருடைய சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காண முடியாதபடி, இதை எழுதுகிறோம். அவரைப் போல இன்னும் பலர் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களின் தாய் தகப்பன், சகோதரர், நண்பர்களுக்காகவும் இந்தக் கட்டுரை.

முதலில் சொற்கள்

எல்ஜிபிரி என்பது நான்கு வகையினரைக் குறிக்கும் ஆங்கில எழுத்துச் சுருக்கம். பெண்ணை விரும்பும் பெண் லெஸ்பியன். ஆணை விரும்பும் ஆண் கே. இரு பாலாரையும் விரும்புபவர் பைசெக்சுவல். பிறந்தபோது பதிந்த பாலோடு ஒத்துப்போகாமல் தன்னை வேறு பாலினத்தவராக உணர்ந்து வாழ்பவர் ட்ரான்ஸ். தமிழில் திருநங்கை, திருநம்பி என்கிறோம். ஊரில் இவர்களுக்குச் சொல்லும் கேலிச் சொற்கள் எல்லோருக்கும் தெரியும். அவற்றை நாங்கள் இங்கே எழுதப் போவதில்லை. வேலைத்தலத்தில் அப்படிக் கேலி பண்ணினால் அது சட்டப் பிரச்சினை ஆகலாம் என்பதைக் கீழே பாருங்கள்.

இலங்கைச் சட்டம் எங்கிருந்து வந்தது?

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம், 365ஏ பிரிவுகளின் கீழ் ஒருபாலுறவு இன்னும் குற்றம். 365ஆம் பிரிவில் 10 வருடம் வரையும், 365ஏ பிரிவில் 2 வருடம் வரையும் சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு. அந்தச் சட்டக்கோவை 1883இல் பிரித்தானியர் எழுதியது. அதற்கு முன்மாதிரி 1860இல் அவர்களே இந்தியாவுக்கு எழுதிய சட்டக்கோவை. அதிலே இது 377ஆம் பிரிவு.

"இது எங்கட கலாசாரத்துக்கு ஒத்துவராது, வெள்ளைக்காரன் கொண்டு வந்தது" என்று எங்கட ஆக்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒவ்வொருவருக்கும் தன் தன் நம்பிக்கை உண்டு. ஆனால் இதைக் குற்றமாக்கிய சட்டம் வெள்ளைக்காரன் எழுதியது என்பதும் தெரிந்திருக்க வேணும். தன் நாட்டில் அவன் அதை மாற்றிவிட்டான். எழுதிக் கொடுத்த இடத்தில் அது அப்படியே கிடக்கிறது. 1995இல் இலங்கை அந்தச் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் தளர்த்தவில்லை. "ஆண்" என்றிருந்த இடத்தில் "ஆள்" என்று மாற்றியதால் பெண்களும் அதற்குள் அகப்பட்டார்கள்.

பிரித்தானியாவில் எப்படி மாறியது?

ஒரு நாளில் மாறவில்லை. ஒரு சட்டத்தாலும் மாறவில்லை. இங்கிலாந்தில் 1861 வரை இதற்கு மரணதண்டனை சட்டத்தில் இருந்தது. 1885இல் வந்த இன்னொரு சட்டம், ஆண்களுக்கிடையிலான எந்த நெருக்கத்தையும் "பெரும் ஒழுக்கக்கேடு" என்று தண்டிக்க வழி செய்தது.

1954இல் அரசு ஒரு குழுவை நியமித்தது. தலைவர் சேர் ஜோன் வுல்ஃபென்டன். 1957 செப்ரெம்பரில் குழு அறிக்கை கொடுத்தது: வயது வந்த இருவர், இருவரின் சம்மதத்தோடு, தனிமையில் செய்வது குற்றமாக இருக்கக் கூடாது. அறிக்கை சொன்னதைச் சட்டமாக்கப் பத்து வருடம் எடுத்தது. கடைசியில் லியோ அப்ஸ் என்ற பாராளுமன்ற உறுப்பினர் தனிநபர் சட்டமூலமாக அதைக் கொண்டு வந்தார். பிரபுக்கள் சபையில் அரான் பிரபு பொறுப்பெடுத்தார். அன்றைய உள்துறை அமைச்சர் றோய் ஜென்கின்ஸ் ஆதரவாக நின்றார். 1967 யூலை 27 அன்று அது சட்டமானது.

அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்தச் சட்டத்தில் வயது எல்லை 21. ஆண் பெண் உறவுக்கோ 16. இராணுவத்தினருக்கு அது பொருந்தாது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும்தான். ஸ்கொட்லாந்துக்கு 1980இல்தான் சட்டம் மாறியது. வட அயர்லாந்தில் பெல்பாஸ்டைச் சேர்ந்த ஜெஃப்ரி டஜன் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போய் 1981இல் வென்ற பிறகு, 1982இல்தான் மாறியது.

பின்னுக்கும் போனது

1988இல் உள்ளூராட்சிச் சட்டத்தில் 28ஆம் பிரிவு என்று ஒன்றைச் சேர்த்தார்கள். கவுன்சில்கள் ஒருபாலுறவை "ஊக்குவிக்க" கூடாது என்பது அதன் சாரம். பாடசாலையில் ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகள் இதைச் சொல்லி அடித்தாலும், ஆசிரியர்மார் அதைப் பற்றிக் கதைக்கப் பயந்தார்கள். அந்தப் பிரிவை 2000இல் ஸ்கொட்லாந்தும், 2003 நவம்பரில் இங்கிலாந்தும் வேல்ஸும் நீக்கின. பதினைந்து வருடம். அந்தக் காலத்தில் இங்கே பாடசாலைக்குப் போன எங்கட பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

சட்டம் முன்னுக்கு மட்டும்தான் போகும் என்று இல்லை. இதை ஏன் சொல்கிறோம் என்றால், கிடைத்த உரிமையையும் கவனித்துக்கொண்டிருக்க வேணும்.

1997க்குப் பிறகு: படிப்படியாக

பெரும்பாலான மாற்றங்கள் 1997இலிருந்து 2014 வரையான காலத்தில் வந்தன. முக்கியமானவற்றைக் கீழே தருகிறோம்.

1997 ஒக்ரோபர்: திருமணம் செய்ய முடியாத துணைவர்களுக்கும் குடிவரவில் இடம் கொடுக்கும் சலுகை வந்தது. ஒருபால் துணைவர் ஒருவர் மற்றவரோடு இங்கே தங்க முதன்முதல் கிடைத்த வழி அதுதான்.

2000 யனவரி: இராணுவத்தில் இருந்த தடை நீங்கியது. அதற்கு முந்தின வருடம் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அந்தத் தடைக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது.

2001 யனவரி: சம்மத வயது எல்லோருக்கும் சமமானது. 1994இல் 21 என்பது 18 ஆகியிருந்தது. 16 ஆக்கப் பொதுச்சபை சம்மதித்தும் பிரபுக்கள் சபை திரும்பத் திரும்ப மறுத்தது. கடைசியில் பாராளுமன்றச் சட்டத்தைப் பாவித்து, பிரபுக்கள் சபையின் சம்மதம் இல்லாமலே நிறைவேற்றினார்கள். மக்கள் தெரிவு செய்த சபையின் சொல்லே கடைசிச் சொல் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

2003 டிசெம்பர்: வேலைத்தலத்தில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்யும் விதிகள் நடைமுறைக்கு வந்தன.

2004: இரண்டு சட்டங்கள். பாலின அங்கீகாரச் சட்டம், ட்ரான்ஸ் ஆள் ஒருவர் சான்றிதழ் எடுத்துத் தன் பாலினத்தைச் சட்டப்படி மாற்ற வழி செய்தது. சிவில் துணைமைச் சட்டம், ஒருபால் துணைவர்கள் பதிவு செய்யவும், சொத்து, ஓய்வூதியம், வைத்தியசாலையில் நெருங்கிய உறவினர் என்ற நிலை ஆகியவற்றில் கணவன் மனைவிக்குக் கிட்டத்தட்டச் சமமாக நடத்தப்படவும் வழி செய்தது. வழமையான நடைமுறையிலான முதல் பதிவுகள் 2005 டிசெம்பர் 19 அன்று பெல்பாஸ்டில் நடந்தன.

2005 டிசெம்பர்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒருபால் துணைவர்கள் சேர்ந்து பிள்ளையைத் தத்தெடுக்கலாம் என்றானது.

2007: கடை, ஹோட்டல், வாடகை வீடு, பாடசாலை, கவுன்சில் சேவை என்று வேலைக்கு வெளியேயும் பாகுபாடு தடை செய்யப்பட்டது.

2010: மேலே சொன்ன பலவற்றை ஒன்றாக்கி சமத்துவச் சட்டம் வந்தது. இன்று இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்தில் நாங்கள் பாவிக்கிற சட்டம் அதுதான். வட அயர்லாந்தில் வேறு விதிகள்.

2013: திருமணச் சட்டம். 2013 பெப்ரவரி 5 அன்று பொதுச்சபையில் 400 பேர் ஆதரித்தார்கள், 175 பேர் எதிர்த்தார்கள். 2014 மார்ச் 29இலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திருமணங்கள் நடந்தன. அதே வருடக் கடைசியில் ஸ்கொட்லாந்திலும் நடந்தன. வட அயர்லாந்துக்கு 2020 யனவரி வரை பொறுக்க வேண்டியிருந்தது. சிவில் துணைமைப் பதிவுகள் வழமையான நடைமுறையில் முதலில் தொடங்கிய இடமே திருமணத்தில் கடைசி இடம்.

இந்தத் திருமணச் சட்டத்தைப் பற்றி எங்கட கோவில், தேவாலய ஆக்கள் பயப்படுவதுண்டு. எந்த மத நிறுவனத்தையும் இத்தகைய திருமணத்தை நடத்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது. விரும்பினால் மட்டும் நடத்தலாம்.

இன்று சட்டம் உங்களுக்கு என்ன தருகிறது?

சமத்துவச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட தன்மைகள் என்று ஒன்பது உண்டு. இனம், மதம், வயது, உடல் ஊனம் போன்றவற்றோடு பாலீர்ப்பும் பால்மாற்றமும் அதில் அடங்கும். அகதி விண்ணப்பம் முடிவாகாதவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. பிரசையாக இருக்கத் தேவையில்லை.

வேலையில்: நீங்கள் கே என்பதற்காக வேலையை விட்டு நிற்பாட்ட முடியாது, பதவி உயர்வை மறுக்க முடியாது. சக தொழிலாளர் கேலி செய்து அவமானப்படுத்தினால் முதலாளி அதைத் தடுக்க வேணும். முதலாளி தமிழர் என்றாலும் சட்டம் ஒன்றுதான். "பகிடிக்குச் சொன்னது" என்பது நல்ல சாட்டு அல்ல.

வாடகையில்: வீடு தர மறுப்பதும், தெரிய வந்த பிறகு எழுப்புவதும் பொதுவாகச் சட்ட விரோதம். வீட்டுக்காரரும் அதே சிறிய வீட்டில் குடியிருந்து குசினி, குளியலறையைப் பகிரும்போது மட்டும் சில விலக்குகள் உண்டு.

கடை, சேவைகளில்: கோர்ன்வோலில் ஒரு விருந்தினர் விடுதிக்காரர், மத நம்பிக்கையைச் சொல்லி இரண்டு ஆண் துணைவர்களுக்கு இரட்டைக் கட்டில் அறை கொடுக்க மறுத்தார்கள். 2013இல் உயர் நீதிமன்றம் அது பாகுபாடுதான் என்று தீர்ப்பளித்தது. வட அயர்லாந்தில் ஒரு கேக் கடைக்காரர், ஒருபால் திருமணத்தை ஆதரிக்கும் வாசகம் எழுதிய கேக்கைச் செய்ய மறுத்தார்கள். 2018இல் அதே உயர் நீதிமன்றம் கடைக்காரர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தான் நம்பாத வாசகத்தை எழுத அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது காரணம். வித்தியாசத்தைப் பாருங்கள். ஆளைப் பார்த்து மறுக்க முடியாது. கடை, கேற்றரிங், மண்டபம் நடத்தும் எங்கட ஆக்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேணும்.

தாக்கினால்: ஒருவரின் பாலீர்ப்புக்காகவோ, ட்ரான்ஸ் என்பதற்காகவோ அடித்தால், தண்டனை விதிக்கும்போது நீதிமன்றம் அதைக் கூடிய குற்றமாக எடுக்கும். அவசரம் என்றால் 999, அவசரமில்லை என்றால் 101. வெறுப்புக் குற்றம் என்று பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

கட்டாயக் கல்யாணம்: எங்கட ஆக்கள் மத்தியில் அடிக்கடி நடக்கிற விடயம் இது. "கலியாணம் கட்டி வைச்சால் சரியாயிடும்" என்று நினைத்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். பிள்ளை சம்மதிக்காமல், வெருட்டியோ வற்புறுத்தியோ செய்து வைத்தால் அது 2014 யூன் மாதத்திலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கிரிமினல் குற்றம். வெளிநாட்டுக்குக் கொண்டு போய்ச் செய்தாலும் அப்படித்தான். அதற்கு முன்னரே 2008இலிருந்து நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம். ஏமாற்றப்பட்டு வரும் மறுபக்கத்துப் பிள்ளையின் வாழ்க்கையையும் யோசியுங்கள்.

இன்னும் முடியாதவை

"மாற்று சிகிச்சை" என்று சொல்லி ஒருவரின் பாலீர்ப்பை மாற்றப் பார்ப்பதைத் தடை செய்வோம் என்று அரசு 2018இல் சொன்னது. அதன் பின் அரசுகள் மாறின, வாக்குறுதி இழுபட்டது. பேய் பிடித்திருக்குது என்று சொல்லி அடிப்பதும், அறைக்குள் பூட்டி வைப்பதும் எப்போதும் குற்றம்தான். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

ட்ரான்ஸ் ஆக்கள் விடயத்தில் 2025 ஏப்ரல் 16 அன்று உயர் நீதிமன்றம் ஒரு முக்கிய தீர்ப்பைக் கொடுத்தது. சமத்துவச் சட்டத்தில் "பெண்", "பால்" என்ற சொற்கள் பிறப்புப் பாலையே குறிக்கும் என்று சொன்னது. பால்மாற்றம் காரணமாகப் பாகுபாடு காட்டுவதற்கு எதிரான பாதுகாப்பு தொடர்ந்து இருக்கிறது என்பதையும் அதே தீர்ப்புச் சொல்கிறது. பெண்கள் தங்குமிடம், கழிப்பறை போன்ற விடயங்களில் பிரச்சினை வந்தால் எங்களோடு கதையுங்கள்.

அகதி விண்ணப்பம்: இதை ஒரு காரணமாகச் சொல்லலாமா?

சொல்லலாம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் "குறிப்பிட்ட சமூகக் குழு" என்று ஒரு காரணம் இருக்கிறது. எல்ஜிபிரி ஆக்கள் அதில் அடங்குவர்.

முன்பு இங்கே, "ஊரில் ஒளித்து, கவனமாக வாழலாம்தானே" என்று சொல்லி விண்ணப்பங்களை மறுத்தார்கள். 2010 யூலை 7 அன்று, ஈரானைச் சேர்ந்த ஒருவரும் கமரூனைச் சேர்ந்த ஒருவரும் போட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. துன்புறுத்தலுக்குப் பயந்து ஒருவர் தன்னை ஒளிக்க வேண்டியிருந்தால், அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்றது. பயத்தாலா, அல்லது வேறு சொந்தக் காரணத்தாலா ஒளிக்கிறார் என்பதைக் கேட்க வேணும் என்றும் சொன்னது.

ஆனால் உண்மையைச் சொல்ல வேணும். இலங்கையர் என்பதாலும் கே என்பதாலும் மட்டும் அகதி அந்தஸ்து தானாக வராது. இலங்கையைச் சேர்ந்த கே ஆண்களைப் பற்றி 2015இல் மேல் தீர்ப்பாயம் வழிகாட்டும் தீர்ப்பு ஒன்று கொடுத்தது. அங்கே அவர்கள் நடத்தப்படும் விதம் பொதுவாகத் துன்புறுத்தல் என்ற அளவுக்குப் போகவில்லை, ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியாகப் பார்க்க வேணும் என்பது அதன் முடிவு. ஆகவே உங்களுக்கு என்ன நடந்தது, யாரால் ஆபத்து, பொலிஸ் என்ன செய்தது, வேறு ஊரில் போய் இருக்க முடியாதது ஏன் என்பதை விபரமாகச் சொல்ல வேணும்.

2022 யூன் 28 அன்றோ அதற்குப் பிறகோ விண்ணப்பித்தவர்களுக்கு ஆதார அளவும் கூடியிருக்கிறது. நீங்கள் சொல்லும் தன்மை உங்களுக்கு உண்டு, நீங்கள் உண்மையாகவே பயப்படுகிறீர்கள் என்பதை "இல்லை என்பதைவிட ஆம் என்பதே கூடுதலாகச் சாத்தியம்" என்ற அளவுக்குக் காட்ட வேணும். நண்பர்களின் கடிதம், துணைவரின் வாக்குமூலம், பழைய குறுஞ்செய்திகள், ஆதரவுக் குழுக்களில் சேர்ந்ததற்கான கடிதம், மனநல மருத்துவரின் அறிக்கை எல்லாம் உதவும். அந்தரங்கப் படமோ வீடியோவோ ஒருநாளும் கொடுக்காதீர்கள். அப்படியானவற்றை ஆதாரமாக ஏற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 டிசெம்பரில் சொன்னது. படுக்கை விபரங்களைக் கேட்கக் கூடாது என்றும் அதே தீர்ப்புச் சொன்னது. யாராவது அப்படிப் படம் எடுத்துத் தா என்று சொன்னால், அவர் சட்டத்தரணி என்றாலும் நம்பாதீர்கள்.

எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள்

கேள்வி: மொழிபெயர்ப்பாளர் தமிழர். நான் சொல்வது ஊருக்குப் போகாதா?

பதில்: மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஆணா பெண்ணா வேணும் என்று முன்கூட்டியே கேட்கலாம். அவர் உங்களுக்குத் தெரிந்த ஆள் என்றால், அல்லது முகம் சுளித்தால், உடனே அதிகாரியிடம் சொல்லி வேறு ஆள் கேளுங்கள். நீங்கள் சொல்வதை உங்கள் நாட்டு அரசுக்குக் கொடுக்க மாட்டார்கள்.

கேள்வி: முதல் இன்ரர்வியூவில் சொல்லவில்லை. இப்போது சொன்னால் பொய் என்பார்களா?

பதில்: கேள்வி கேட்பார்கள். ஆனால் பிந்திச் சொன்னதை மட்டும் வைத்துப் பொய் என்று முடிவெடுக்கக் கூடாது. வெட்கம், பயம், இங்குள்ள சட்டம் தெரியாமை எல்லாம் உண்மையான காரணங்கள். அவற்றை வாக்குமூலத்தில் எழுத வேணும். மேன்முறையீட்டுக் கட்டத்தில் சொன்னால் அது "புதிய விடயம்" ஆகும். தீர்ப்பாயம் அதைக் கேட்க உள்துறை அமைச்சின் சம்மதம் தேவைப்படலாம். எவ்வளவு முந்திச் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

கேள்வி: எனக்கு ஊரில் மனைவியும் பிள்ளையும் உண்டு. என்னை நம்புவார்களா?

பதில்: எங்கட ஊரில் வீட்டு வற்புறுத்தலால் கல்யாணம் கட்டியவர்கள் நிறையப் பேர். அது நடந்த விதத்தைச் சொல்லுங்கள். மறைக்காதீர்கள். பின்னர் வெளிவந்தால்தான் பிரச்சினை.

கேள்வி: என் துணைவரை இங்கே கூப்பிடலாமா?

பதில்: துணைவருக்கான விதிகளில் ஒருபால், எதிர்பால் என்ற வித்தியாசம் இல்லை. ஆனால் அகதிகளின் குடும்ப இணைப்புக்கான புதிய விண்ணப்பங்கள் 2025 செப்ரெம்பர் 4 அன்று இடைநிறுத்தப்பட்டன. விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் விண்ணப்பிக்க முதல் சட்டத்தரணியிடம் அன்றைய நிலையைக் கேளுங்கள்.

கேள்வி: வேலையில் என்னைக் கேலி செய்கிறார்கள். எவ்வளவு காலத்துக்குள் முறையிட வேணும்?

பதில்: தொழில் தீர்ப்பாயத்துக்கான காலக்கெடு குறுகியது. ஒரு வாரமும் பிந்தாமல் வாருங்கள். கடை, வாடகை போன்றவற்றுக்குக் கவுன்ரி நீதிமன்றத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. திகதி, நேரம், சொன்ன சொல், கேட்டவர்கள் யார் என்று அன்றன்றே எழுதி வையுங்கள்.

கேள்வி: என் மகள் இப்படிச் சொல்கிறாள். நான் என்ன செய்ய?

பதில்: முதலில் வீட்டை விட்டுக் கலைக்காதீர்கள். அவள் உங்களிடம் சொன்னது உங்களை நம்பித்தான். உடனே எல்லாம் விளங்க வேணும் என்றில்லை. நீங்கள் தனியே வந்தும் கதைக்கலாம்.

இலங்கையில் மாறுமா?

ரொசானா ஃபிளேமர்-கல்தேரா என்ற இலங்கைப் பெண்மணி ஐக்கிய நாடுகளின் பெண்கள் உரிமைக் குழுவிடம் முறையிட்டார். பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக வைத்திருப்பது உரிமை மீறல் என்று அந்தக் குழு 2022இல் முடிவு சொன்னது. 2023இல் பிரேம்நாத் டொலவத்த என்ற பாராளுமன்ற உறுப்பினர் 365ஆம், 365ஏ பிரிவுகளைத் திருத்தத் தனிநபர் சட்டமூலம் கொண்டு வந்தார். அது அரசியலமைப்புக்கு முரணல்ல என்று இலங்கை உயர் நீதிமன்றம் அதே வருடம் மே மாதம் தீர்மானித்தது. ஆனால் வாக்கெடுப்புக்குப் போகவில்லை. 2024 செப்ரெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதோடு அது காலாவதியானது.

இந்தியாவில் பாராளுமன்றம் செய்யாததை நீதிமன்றம் செய்தது. 2018 செப்ரெம்பர் 6 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் சம்மதத்தோடு செய்வது 377ஆம் பிரிவின் கீழ் குற்றமல்ல என்றது. ஆனால் 2023 ஒக்ரோபரில் ஒருபால் திருமணம் பற்றிக் கேட்டபோது, அதைச் சட்டமாக்குவது பாராளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. நீதிமன்றம் கதவைத் திறக்கலாம். உள்ளே வீடு கட்டுவது சட்டம்தான். இங்கே ஒவ்வொரு செங்கல்லாக அதைக் கட்ட 1957இலிருந்து 2020 வரை எடுத்தது.

நீங்கள் இங்கே என்ன செய்யலாம்? வாக்குரிமை இல்லாதவரும் தன் பகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதலாம், அவரின் ஆலோசனை நேரத்துக்குப் போய்ச் சந்திக்கலாம். கடிதம் எழுத உதவி வேணும் என்றால் நாங்கள் எழுதித் தருவோம்.

அந்தத் தம்பியின் கதை இன்னும் முடியவில்லை. ஐந்து நாட்களுக்குள் சட்ட உதவியில் ஒரு சட்டத்தரணி கிடைத்தார். மேன்முறையீடு பதிவாகியது. புதிய வாக்குமூலத்தை மூன்று தடவை இருந்து எழுதினோம். முதல் தடவை பாதியில் எழும்பிப் போய்விட்டார். மூன்றாம் தடவை, அண்ணன் அடித்த இரவைப் பற்றி முழுவதும் சொன்னார். முடிவு என்ன வருமோ தெரியாது. "மூண்டு வருசத்துக்கு முன்னமே இது குற்றமில்லை எண்டு ஆராவது சொல்லியிருந்தால், அக்கா" என்று மட்டும் சொன்னார்.

ஆகவே சொல்கிறோம். இது இங்கே குற்றமில்லை. உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு இது தேவைப்படும் என்று நினைத்தால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள். நேரில் கொடுக்கக் கூச்சம் என்றால் மேசையில் வைத்துவிட்டுப் போங்கள். ஆலோசனை இலவசம். பெயர் சொல்லாமலும் வந்து கதைக்கலாம். நீங்கள் சொல்வது இந்த நான்கு சுவருக்கு வெளியே போகாது.

இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் வழக்குக்கு ஏற்ற ஆலோசனையைத் தகுதி பெற்ற சட்டத்தரணியிடம் பெற்றுக்கொள்ளுங்கள்.